சரளி வரிசையோடு நின்றவர்கள்

காளவாசல் சந்திப்பிலிருந்து பைபாஸ் ரோடு வழியாகப் பொன்மேனி வரைக்கும், அங்கிருந்து எஸ்.எஸ். காலனிக்குள்ளும் ஒரு சாயங்காலம் நடந்தால் மாடிப்படிகளை ஒட்டித் தொங்கும் இசை வகுப்புப் பலகைகளைப் பார்க்கலாம். வாய்ப்பாட்டு, வயலின், கீபோர்டு, கிடார், பரதம். மாண்டலின் என்ற பெயர் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். உள்ளே பிள்ளைகள் படிப்பார்கள். வெளியே படியில் அம்மாக்கள் காத்திருப்பார்கள். அந்த அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள்: “நானும் ரெண்டு வருசம் போனேன். கீதம் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் விட்டுட்டேன்.”

“விட்டுட்டேன்” என்கிற அந்தச் சொல்லை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்ததும் வகுப்பை நிறுத்தியது வீடு. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நிறுத்தியது வீடு. கல்யாணம் முடிந்ததும் வீணையை உறை போட்டுப் பரணில் ஏற்றியதும் வீடுதான். ஆனால் வினைச்சொல்லுக்கு எழுவாயாக அவளே நிற்கிறாள். தானே விட்டதாக அவள் நம்பும்படி காரியம் நடந்திருக்கிறது.

ஒரு வாத்தியத்தைக் கற்கத் தொடங்குவதற்குப் பெண்களுக்கு வரலாறு நெடுகிலும் ஓரளவு அனுமதி இருந்திருக்கிறது. தொடர்ந்து வாசிப்பதற்கும், அதில் தேறுவதற்கும், அதை வைத்துச் சம்பாதிப்பதற்கும்தான் அனுமதி இல்லை. பெண்ணை நிரந்தரத் தொடக்கநிலையில் நிறுத்தி வைப்பது ஓர் ஏற்பாடு. நாற்பதைத் தாண்டி மாண்டலினைக் கையில் எடுத்த எனக்கு, அதன் கதையைத் தேடிப் போனபோது இந்த ஏற்பாடு கடல் தாண்டியும் தெரிந்தது. மதுரை வீதிகளிலும் தெரிந்தது.

மாண்டலின் இத்தாலிய வாத்தியம். இன்று நாம் அறிந்திருக்கிற வடிவம் 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துப் பட்டறைகளில் உருவானது. வினாச்சியா என்ற குடும்பம் அந்தத் தொழிலில் பேர் பெற்றது. எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடிகள். சுருதி சேர்ப்பது வயலினைப் போலவே. வயலினை வில்லால் இழைக்கிறோம், மாண்டலினைச் சிறு வில்லை ஒன்றால் மீட்டுகிறோம். கிடார் பழகுகிற பிள்ளைகள் அதைப் ‘பிக்’ என்பார்கள். கழுத்தில் வீணையின் மெட்டுகளைப் போல உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். மடியில் அடங்குகிற சின்ன வாத்தியம்.

அதே நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தில் பியேட்டா என்றொரு அநாதைக் காப்பகம் இருந்தது. கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்கு அங்கே இசை கற்பித்தார்கள். 1703இல் விவால்டி அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். மாண்டலினுக்கும் கான்செர்ட்டோ எழுதிய அதே விவால்டிதான். காப்பகத்துப் பெண்கள் எல்லா வாத்தியங்களும் வாசித்தார்கள். அவர்களைக் கேட்க ஐரோப்பாவெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்க மட்டுமே முடியும். வாசிப்பவர்கள் இரும்புக் கிராதிக்குப் பின்னால் இருப்பார்கள்; முகம் தெரியாது. கல்யாணம் செய்துகொண்டு வெளியேறும் பெண், இனிப் பொது இடத்தில் வாசிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே வளர்ந்தவர்களில் அன்னா மரியா என்பவர் வயலினில் பெரும்புகழ் பெற்றவர். மாண்டலினும் வாசித்தவர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கேயே ஆசிரியையாக இருந்து 1782இல் இறந்தார். வாத்தியமா, குடும்பமா என்று ஒரு பெண்ணைக் கேட்கும் வழக்கம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல.

பாரிஸில் கதை வேறு விதமாகப் போனது. 1760களில் அங்கே மாண்டலின் மேட்டுக்குடிப் பெண்களின் மோகமாக ஆனது. இத்தாலிய ஆசிரியர்கள் வீடு தேடி வந்து சொல்லிக் கொடுத்தார்கள். தொடக்கநிலை மாணவர்களுக்கான பாடநூல்கள் அச்சாயின. அதே காலத்து ஐரோப்பாவில் எந்த வாத்தியம் பெண்ணுக்கு ஏற்றது என்று விதி வகுத்த ஆண்களும் இருந்தார்கள். ஊது வாத்தியம் ஆகாது, முகம் கோணும். செல்லோ ஆகாது, காலை அகட்டி உட்கார வேண்டும். மடியில் வைத்து மென்மையாக மீட்டுகிறவை பரவாயில்லை. மாண்டலின் இந்தச் சல்லடையில் தங்கிவிட்டது. சிறியது, சத்தம் குறைவு, உட்காரும் அழகைக் கெடுக்காது. பெண்ணின் காதையோ விரலையோ பார்த்து வாத்தியம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பார்ப்பவனின் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மோகம் இரண்டாவது முறை எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் மாண்டலின் சங்கங்கள் முளைத்தன. இத்தாலிய அரசி மார்கெரிட்டாவே மாண்டலின் பழகினார். பெண்கள் மட்டுமே கூடி வாசித்த குழுக்கள் ஏராளம். அந்தக் குழுக்களின் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன: வெள்ளை உடையில் வரிசையாக உட்கார்ந்த இளம்பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மாண்டலின். வீட்டை விட்டு வெளியே வரவும், நாலு பெண்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்யவும், மேடையில் உட்காரவும் அந்தச் சின்ன வாத்தியம் அவர்களுக்கு ஒரு சாக்குக் கொடுத்தது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் பொழுதுபோக்காக இருக்கும் வரைதான் அந்தச் சாக்குச் செல்லும்.

இனி மதுரைக்கு வருவோம். இங்கே கதை தலைகீழாகத் தொடங்குகிறது. இங்கே முதலில் இருந்தவர்கள் பொழுதுபோக்குக்காக வாசித்த பெண்கள் அல்லர், தொழில்முறைக் கலைஞர்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் இந்த ஊரில் பிறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். இந்தப் பாட்டியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்று முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரைப் பாடநூல்கள் சொல்கின்றன. அதே அந்நிய வாத்தியத்தை மதுரையில் ஒரு பெண் தன் தொழிலாக எடுத்து வாசித்திருக்கிறார். அவர் மகள் வீணையில் பெயர் எடுக்கிறார். பேத்தி சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அம்மாவின் கச்சேரியில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைத்துவரப்பட்டு, சிறுமியாக முதன்முதலில் பாடுகிறார். மூன்று தலைமுறையாக வாத்தியமும் பாட்டும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போன வீடு அது. அங்கே ஒரு பெண் குழந்தை தொடங்கினால் தேறுவதற்காகத்தான் தொடங்கும்.

அந்த வீடுகளின் வாழ்க்கையை நான் பொற்காலம் ஆக்கவில்லை. தேவதாசி மரபுக்குள் சுரண்டல் இருந்தது, புரவலர்களின் பிடி இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எதிராகப் போராடியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஆனால் அந்த இருபது முப்பது ஆண்டுகளில் இசைக்கு நடந்தது இன்னொன்று. தொழில்முறைப் பெண் கலைஞர்கள் மேடையிலிருந்து மெல்ல நகர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய கலை, ‘குடும்பப் பெண்கள்’ கற்கத் தகுந்ததாகச் சுத்தப்படுத்தப்பட்டது. சபாக்கள் வந்தன, பாடத்திட்டம் வந்தது, வீடு வந்து சொல்லிக் கொடுக்கும் பாட்டு வாத்தியார் வந்தார். இந்தக் காலத்தில்தான், மேல்சாதி நடுத்தர வர்க்க வீட்டுப் பெண் பெருந்திரளாக இசை மாணவி ஆனாள்.

அவள் எதற்காகக் கற்றாள்? பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஒரு கீர்த்தனை. அதற்கு மேல் தேறினால் தொந்தரவு. நன்றாக வாசிக்கிற பெண் மேடை கேட்பாள், மேடை ஏறியவள் சம்பளம் கேட்பாள். அந்த இடம் எந்தப் பெண்களின் இடமாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. ‘கச்சேரி செய்கிறவள்’ என்ற பெயர் தன் வீட்டுப் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம், அவளை வர்ணத்துக்கு முன்பே நிறுத்தியது. விதிவிலக்காக மேலே வந்தவர்கள் உண்டு. அவர்களைக் காட்டி மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை. ஆக, இசைவேளாளர் வீட்டுப் பெண்ணிடமிருந்து தொழிலைப் பறித்ததும், மற்ற வீட்டுப் பெண்ணைத் தொடக்கநிலையில் நிறுத்தியதும் ஒரே கையின் இரண்டு வேலைகள். முதலாமவள் இழந்ததைப் பார்க்காமல் இரண்டாமவளின் வருத்தத்தை மட்டும் பேசினால் அது பாதி வரலாறு.

தொழிலில் நிலைத்தவர்களுக்கும் வாசிப்பு நிரந்தரம் இல்லை. முதல் பெண் நாகசுரக் கலைஞர் என்று அறியப்பட்ட மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நம் ஊர்க்காரர். ஆண்களின் கோட்டையாக இருந்த வாத்தியத்தைப் பல்லாண்டுகள் ஊதியவர். கணவர் இறந்த பிறகு அவர் வாசிப்பை நிறுத்தினார். நாகசுரம் மங்கல வாத்தியம், விதவை தொடக்கூடாது என்றது ஊர். மூச்சும் விரலும் அப்படியே இருந்தன. தாலி போனதும் வாத்தியமும் போனது. 2012இல் அவர் மதுரையில் இறந்தபோது அஞ்சலிக் கட்டுரைகள் வந்தன. ஊதாமல் இருந்த ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

காளவாசலுக்கு அடுத்த அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்டார். இசைக்குள் சாதி இருக்கிறது என்பதை உரக்கச் சொன்னவர். கர்நாடக ராகங்களையும் மேற்கத்திய கீதங்களையும் விட்டுவிட்டு, நாட்டுப்புற மெட்டிலும் பறையிலும் வழிபாட்டுப் பாடல்கள் செய்தவர். எந்த வாத்தியத்தை யார் தொடலாம் என்ற கேள்விக்குச் சாதி முதலில் பதில் சொல்கிறது. ஆண் பெண் என்ற பதில் அடுத்து வருகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இந்தப் பின்னணியில் மாண்டலினைப் பார்த்தால் அதற்கு ஒரு வசதி இருப்பது தெரியும். நாகசுரத்துக்குக் கோயில் உண்டு, வீணைக்குச் சரஸ்வதி உண்டு, பறைக்குத் தெரு உண்டு. மாண்டலினுக்கு இவை எதுவும் இல்லை. அதை வாசித்தாக வேண்டிய சாதி எதுவும் இங்கே கிடையாது. தொடக்கூடாத சாதியும் கிடையாது. மங்கலம், அமங்கலம் அதன் மேல் இன்னும் ஏறவில்லை.

அதற்குக் கர்நாடக இசையில் இடம் வாங்கிக் கொடுத்தவர் யு. ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அப்பா சத்தியநாராயணா அதைக் கவனித்து, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981இல் சென்னை மேடை. நீட்டி ஒலிக்காத இந்த வாத்தியத்தில் கமகம் எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு, ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்சார மாண்டலினில் பதில் சொன்னார். 2014இல் 45 வயதில் மறைந்தார்.

அவருடைய மேதைமையில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தொடக்கத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். பிள்ளை எடுத்தபோது அப்பா தடுக்கவில்லை. குரு கிடைத்தார். நாள் முழுக்க வாசிக்க நேரம் கிடைத்தது. குடும்பமே அந்த விரல்களுக்காக இடம் மாறியது. மேதை என்பதற்குள் இவையும் அடக்கம். மாண்டலின் மேடைக்கு வந்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்ரீஉஷா, சிரீஷா சகோதரிகளாக வாசிக்கிறார்கள். நாகமணி கணவர் யு.பி. ராஜுவோடு வாசிக்கிறார். வீட்டில் இன்னொரு ஆள் அதே வாத்தியத்தை வாசித்தால், அந்தச் சத்தத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வெளியூர்க் கச்சேரிக்குத் துணைக்கு யார் என்ற கேள்வியும் எழாது.

இனி, படியில் காத்திருக்கும் அந்த அம்மாக்களுக்குச் சில விவரங்கள்.

மாண்டலினின் தடித்த ஜோடிக் கம்பியின் சுருதி, நம் ஊர்க் கணக்கில் ஐந்து கட்டை. பெண்கள் பலரும் வசதியாகப் பாடுகிற சுருதி இதுவே. ஆகவே அந்தக் கம்பியைச் சும்மா மீட்டினால் அது உங்கள் ஸட்ஜம். அடுத்த ஜோடி அதன் பஞ்சமம். சரளி வரிசைக்கு வழக்கமான மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்வோம். முதல் ஜோடியில் சும்மா மீட்டினால் ஸ, ஒன்றாவது பட்டையில் ரி, நான்காவதில் க, ஐந்தாவதில் ம. இரண்டாவது ஜோடிக்குப் போங்கள். சும்மா மீட்டினால் ப, ஒன்றில் த, நான்கில் நி, ஐந்தில் மேல் ஸ. இரண்டு கம்பியிலும் ஒரே விரல் கணக்கு. அந்த ராகத்தின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதை மாண்டலின் விரலுக்கே சொல்லிவிடுகிறது. ஒரு கைவடிவம் பழகினால் ஒரு ஸ்தாயி முழுவதும் வந்துவிடும்.

மாண்டலின் ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் பாட்டு ஆசிரியரிடம் கற்கலாம். சுப்பராஜு சொல்லிக் கொடுத்த வழியே அதுதான். சின்ன வயதில் கற்ற பாட்டு தொண்டையில் எங்கேயோ மிச்சம் இருக்கும். பாடிக்கொண்டே வாசித்தால் விரல் தப்பும்போது காது பிடித்துவிடும். சுரம் சட்டென்று அடங்கிவிடுகிறதே என்று சோர வேண்டாம். பிக்கை மேலும் கீழுமாக விடாமல் அசைத்து ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பதுதான் இந்த வாத்தியத்தின் பழைய உத்தி. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

விரல்தான் முதல் மாதம் வலிக்கும். இரும்புக் கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். நுனியில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும் வரை வலி இருக்கும். கடம் பெண் விரலுக்குக் கடினம் என்று தொடக்கத்தில் தயங்கியது உண்டு. சுகன்யா ராம்கோபால் பிறகு அதே கடத்தில் பெயர் வாங்கினார். விரல் இரும்பையும் மண்ணையும் தாங்கப் பழகிக்கொள்ளும். ஆனால் காய்ப்புக்குத் தண்ணீர் ஆகாது. ஊறிய தோலில் கம்பி பட்டால் வெட்டும். எந்தப் பாடநூலும் இதை ஒரு பெண்ணின் நாளோடு சேர்த்துச் சொல்வதில்லை. சமையலை முடித்து, பாத்திரம் விளக்கி, எல்லோரும் படுத்த பிறகுதான் நமக்கென்று அரைமணி நேரம் கிடைக்கிறது. விரல் மிகவும் ஊறிப்போயிருக்கும் நேரமும் அதுதான். வீட்டில் சத்தம் போடக் கூடாத நேரமும் அதுதான்.

நம்மில் பலர் திறமை இல்லை என்று விட்டதற்குப் பின்னால் இந்த அரைமணி நேரக் கணக்கு இருந்திருக்கிறது. அக்கம்மாள் வீட்டில் வாசிப்பு வேலையாக இருந்தது. அதனால் அதற்கு நேரம் இருந்தது. நம் வீட்டில் அது வேலைகள் முடிந்த பிறகு செய்வது. வேலைகள் முடிவதே இல்லை.

ஆகவே வரிசையை மாற்றலாம். முதலில் வாசிப்பு, கை காய்ந்திருக்கும்போதே, வீட்டில் ஆள் இருக்கும்போதே, கேட்கும்படியாக. ஒருநாளும் விடாமல் இருபது நிமிடம். முதல் மாதம் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, பிறகு அலங்காரம், கீதம். அதற்கப்புறம் வர்ணம். பாத்திரத்தை அதற்குப் பிறகு யாராவது விளக்கட்டும்.